காலில்லாத அரணைக்கு எங்கே சீட்டு கட்டுவது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். முப்பது வருடம் ஸ்பிரிட் வாசனையில் கிடந்தவள் நான். இப்போது வாயைத் திறந்தாலே அலுப்பாக இருக்கிறது, இதில் உபதேசம் வேறா? எந்தப் பிராணியை எப்படிப் பக்குவம் செய்து ஜாடியில் போட வேண்டும் என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். நான் போட்ட ஒரு முடிச்சைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேட்டு முடித்ததும், "இந்த அம்மாவையா இத்தனை நாள் மதித்தோம்" என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றினால் தோன்றட்டும்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில், மாதிரிகள் அறைக்கு நான் காப்பாளராக இருந்தேன். உயரமான கூரை, கடற்காற்றில் துருவேறிய ஜன்னல் கம்பி, சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க ஜாடி. பதிவேட்டின் முதல் பக்கங்கள் பிரெஞ்சில் இருக்கும். யாரோ ஒரு பிரெஞ்சுக்கார முசியே சாய்ந்த கையெழுத்தில் முத்து முத்தாக எழுதிவைத்துவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். அதற்கப்புறம் ஆங்கிலம். அதற்கப்புறம் என் கோழிக் கிறுக்கல்.

ஜாடியில் கிடக்கும் பிராணிக்குத் தனியாக மதிப்பு ஒன்றும் கிடையாது. அது எந்த ஊரில், எந்த மண்ணில், யார் கையில் கிடைத்தது என்று பதிவேட்டில் இருக்கிறதே, அதனால்தான் மதிப்பு. அந்த உடலையும் இந்தப் பக்கத்தையும் சேர்த்துப் பிடித்திருப்பது எண் எழுதிய ஒரு சின்னச் சீட்டும் ஒரு துண்டு நூலும்தான். நூலை எங்கே கட்டுவது என்பதற்கு எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. தவளை, ஓணான், பல்லி, அரணை எல்லாவற்றுக்கும் பின்னங்காலில், முட்டிக்கு மேலே. காலில் கட்டினால் கழலாது என்பதால் பத்துப் பல்லியைக்கூட ஒரே ஜாடியில் போடலாம். பாம்புக்குக் கால் கிடையாதே, அதனால் ஜாடிக்கு ஒரு பாம்புதான். எனக்கு முன்னால் இருந்தவர் சாவிக்கொத்தைக் கொடுக்கும்போது சொன்னது இது ஒன்றுதான். அதையே வேதம் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். உழவர்கரையைத் தாண்டி ஒரு முந்திரித் தோப்பை அழித்து மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே அஸ்திவாரம் தோண்டிய கலியமூர்த்தி என்பவர் ஒரு நாள் ஊறுகாய் பாட்டிலோடு எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். பாட்டிலில் பாதிக்குச் செம்மண். மண்ணுக்கு மேலே பேனா நீளத்தில், பழுப்பாக, பளபளவென்று ஒன்று நெளிந்தது.

"டீச்சரம்மா, மண்வெட்டில மாட்ட இருந்துச்சு. பாம்புக் குட்டின்னு அடிக்கப் போனேன். அது என்னப் பாத்துக் கண்ண மூடிச்சு. பாம்பு கண்ண மூடுமா? அதான் புடிச்சாந்துட்டேன்."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லி அவருக்கு ஏறாது. ஆனால் மனுஷன் சரியாகத்தான் பார்த்திருந்தார். பாம்புக்கு இமை கிடையாது, இதற்கு இருந்தது. காது இருக்க வேண்டிய இடத்தில் ஊசி குத்தியது போல ஒரு துளையும் இருந்தது. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து காலைத் தொலைத்துவிட்ட அரணை அது. எங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று கிடைத்ததாக அந்தப் பதிவேட்டில் ஒரு வரி கிடையாது.

அப்போது எங்கள் துறையில் பகுதிநேரமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள் ஜோசபின். ஊருக்குள் சாரம் என்ற பகுதியில் வீடு. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால்தான் தெரியும். தம்பி பிரான்சிலேயே தங்கிவிட்டான். இவள் மட்டும் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டு, மாலையில் அரணைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு, நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். பாட்டிலைப் பார்த்ததும் அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! கலியமூர்த்தியின் மண் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் கூச்சத்தில் நெளிந்துபோனார்.

அரணை மூன்றாம் நாள் செத்துப்போனது. மற்ற பக்குவமெல்லாம் முடிந்து, எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது.

"அக்கா, தனி ஜாடில வெச்சிடலாமே. கால் இல்ல, சீட்டு எங்க கட்டுவீங்க?" என்றாள் ஜோசபின்.

"அரணைன்னா அரணை அலமாரிதான். உன் ஒருத்திக்காக வழக்கத்த மாத்த முடியுமா? கழுத்துல கட்றேன் போ."

கழுத்து என்று ஒன்று இருந்தால்தானே! தலையும் உடம்பும் ஒரே பருமன், எண்ணெய் தடவின மாதிரி வழவழப்பு. தலைக்குப் பின்னால் ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். பிறகு சில மாதத்தில், ஆந்திரக் கரையோரத்துக் கல்லூரி ஒன்று பரிமாற்றத்தில் தங்கள் பக்கத்துக் காலில்லாத அரணை ஒன்றை அனுப்பியது. வெறும் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதற்கும் கழுத்தில் சீட்டைக் கட்டி அதே ஜாடியில் போட்டேன். "சொந்தக்காரங்க ஒரே வீட்டுல இருக்கட்டும்" என்று பெரிய நகைச்சுவை வேறு செய்தேன்.

அவை சொந்தமா இல்லையா என்பதுதான் ஜோசபினுக்குக் கேள்வியே. கால் இல்லாததால் நம்முடையது வடக்கே ஆந்திரக் கரையில் இருப்பதற்குத் தங்கை என்றுதான் யாரும் சொல்வார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"கால் போறது பெரிய விஷயமே இல்லக்கா. மண்ணுக்குள்ள பூந்து வாழ்ற கூட்டத்துல அங்கங்க தனித்தனியா போயிருக்கு. கால் இல்லாததெல்லாம் ஒரு குடும்பம்னு சொன்னா, கண்ணாடி போட்டவங்க எல்லாம் ஒரே அப்பா புள்ளைங்கன்னு சொல்ற மாதிரி. நம்ம மண்ணுலயே குட்டிக் கால வெச்சிக்கிட்டு ஓடுதே ஒரு அரணை, இது அதோட தங்கச்சின்னு எனக்குத் தோணுது. தாடை எலும்பு அப்படித்தான் சொல்லுது."

எலும்பைப் பார்க்க, புதுச்சேரியிலேயே கதிர்காமத்துப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் தெரிந்த பையன் ஒருவனைப் பிடித்து எக்ஸ்ரே எடுத்தோம். "பேஷன்ட் பேரு?" என்று பழக்கதோஷத்தில் கேட்டான். ஜோசபின் சிரிக்காமல் "அரணை" என்றாள். உறை மேல் அப்படியே எழுதிக் கொடுத்தான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவள் வருடக்கணக்காக வரைந்தாள், அளந்தாள், எழுதினாள். அவளுடைய முனைவர் பட்டம் முழுக்க அந்த ஒரு அரணையின் உறவுமுறை மேல்தான் நின்றது.

இனி என் விஷயம். அரணை வந்த மூன்றாம் வருடம், இருப்புச் சரிபார்ப்புக்கு ஆட்கள் வரும் நாள். காலையில் ஜாடிகளில் ஸ்பிரிட் குறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தேன். அரணை ஜாடியைத் தூக்கினால், அடியில் இரண்டு சீட்டும் நூலோடு கழன்று கிடக்கின்றன. ஸ்பிரிட்டில் ஊறி உடம்பு சுருங்கியிருக்கிறது, வழவழவென்று நூல் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

ஆட்கள் வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டால் ஜோசபின் ஓடி வந்திருப்பாள். போடவில்லை. 'தனி ஜாடில வெச்சிடலாமே' என்று அவள் சொன்னதும், நான் அவளை வாயடைத்ததும் நினைவில் இருந்தது. அவள் முகத்தில் முழிக்க என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இரண்டையும் தட்டில் வைத்துப் புரட்டிப் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் தடிமனாக இருந்தது. நம்முடையது தடிமனாகத்தான் இருந்தது என்று எனக்குப் பட்டது. பட்டது, அவ்வளவுதான். தடிமனானதற்கு நம் சீட்டையும் மற்றதற்கு ஆந்திரச் சீட்டையும் இறுக்கிக் கட்டி ஜாடியை மூடினேன். சரிபார்ப்பு நன்றாக முடிந்தது. அறை ஒழுங்காக இருக்கிறது என்று பாராட்டு வேறு.

அன்று நான் பதிவேட்டில் 'சீட்டு கழன்றது, எது எதுவென்று தெரியவில்லை' என்று ஒரு வரி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள், பிள்ளைகளா. எழுதுவதற்கு அரை நிமிடம் ஆகும். நான் எழுதாமல் விட்டதை எத்தனை வருடம் சுமந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்புறம் நான் அதை மறந்தே போனேன். அரணை புத்தி என்பார்களே, அது அரணைக்கு இருக்கிறதோ என்னவோ, எனக்கு இருந்தது.

மேலும் இரண்டு வருடம் போனது. ஜோசபினுக்குக் கடைசி நீட்டிப்பும் முடியப்போகிறது. அந்த மழைக்காலத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. மரபணுவையும் பார்த்துவிட்டால் எவனும் கேள்வி கேட்க முடியாது என்று, 'நம்முடைய' அரணையிலிருந்து கடுகளவு சதையை எடுத்து வெளியூரில் ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஜாடியைத் திறந்து, சீட்டைப் படித்து, அவள் கையில் எடுத்துக் கொடுத்தது நான்தான்.

பதில் மின்னஞ்சலில் வந்தது. அதை அச்செடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். உட்காரவில்லை. வடக்குக் கரையில் இருக்கும் காலில்லாத அரணையேதான் இது, வித்தியாசம் சொல்லும்படி ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் காகிதத்தைப் படித்த நொடியில் அந்தத் தட்டும் அந்தத் தடிமனும் என் கண் முன்னால் வந்து நின்றன. எல்லாம் புரிந்துவிட்டது. "இப்படி ஆயிடுச்சேம்மா" என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை.

ஒன்பது நாள் சொல்லவில்லை. ஓய்வு பெற எனக்கு ஏழு மாதம் இருந்தது. இந்த ஒரு ஜாடி பொய் என்றால் மற்ற ஜாடிகளை எவன் நம்புவான், என் காலம் முழுக்க வீண் என்று ஆகிவிடுமே என்று ஒரு பக்கம். மரபணு சொல்வதுதான் உண்மையாக இருக்கலாம், ஒருவேளை நான் சரியாகத்தான் கட்டியிருப்பேன் என்று இன்னொரு பக்கம். மனசு எவ்வளவு வக்கீல் வேலை பார்க்கும் தெரியுமா? கல்லூரிக்குப் போவேன், வருவேன், சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் சர்க்கரை ஏறிவிட்டதோ என்று டாக்டரிடம் கூட்டிப் போகப் பார்த்தார். இன்னொரு அரணை கிடைக்குமா என்று ஒரு நாள் பஸ் பிடித்து அந்த முந்திரித் தோப்புக்குப் போனேன். தோப்பு எங்கே இருக்கிறது? வரிசையாக வீடு, சிமெண்டு வாசல், வாசலில் ஸ்கூட்டர். கலியமூர்த்தியை விசாரித்தேன். கடலூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள்.

ஒன்பதாம் நாள் ஒரு வழி தோன்றியது. இரண்டு நூலையும் கத்தரித்து, சீட்டுகளை ஜாடியின் அடியில் போட்டுவிட்டு, "ஐயோ ஜோசபின், இங்க பாரு, சீட்டு கழண்டு கிடக்குது" என்று கூப்பிட வேண்டியது. அவளே சந்தேகப்பட்டு அவளே சரிபார்த்துக்கொள்வாள். அவள் வேலையும் பிழைக்கும், என் பெயரும் பிழைக்கும். யாருக்கும் நஷ்டமில்லை. ஜாடியைத் திறந்து, கத்தரிக்கோலைக் கையில் எடுத்தேன்.

கதவு திறந்தது. ஜோசபின் உள்ளே வந்தாள். அவளிடமிருந்த அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

"தம்பி கூப்பிட்றான்க்கா. அங்க ஒரு முதியோர் இல்லத்துல வேலை இருக்காம். போறேன்" என்றாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பட்டம் போனா போவுதுக்கா. அது இல்ல. அஞ்சு வருஷம் அந்த எலும்பப் பாத்தேன். இது இதுதான்னு என் கண்ணு அடிச்சி சொல்லுச்சு. என் கண்ணே எனக்குப் பொய் சொல்லியிருக்குன்னா, இனிமே எத நம்பி எதப் பாப்பேன்?"

கத்தரிக்கோல் என் கையில்தான் இருந்தது. அவள் கண் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது என் முடிச்சு. கத்தரித்துப் போட்டு நாடகம் ஆடினாலும் அவளுக்கு உண்மை கிடைத்திருக்கும், அதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"உன் கண்ணு சரிதான்டி. சீட்டுதான் தப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி கழண்டு விழுந்துச்சு. எது எதுன்னு தெரியாம நானே குத்துமதிப்பா கட்டினேன்."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். தட்டு, தடிமன், சரிபார்ப்பு, ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்தரிக்கோல் எதற்கு என்பதையும் சொன்னேன்.

அவள் என் கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கி மேஜை மேல் வைத்தாள். அப்புறம், "ரிசல்ட் வந்த அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"ஒம்போது நாளாக்கா? நான் தூங்காம திரியறத தெனம் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? டீ வேற வாங்கிக் குடுத்தீங்களே!"

அழுதுவிட்டேன். அவள் தேற்றவில்லை. தேற்ற வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. எழுந்து ஜாடியை மூடி, அதையும் அலமாரியில் கிடந்த பழைய எக்ஸ்ரே உறையையும் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாங்க, கதிர்காமம் போவணும்" என்றாள். சீட்டு கழல்வதற்கு முன்பே எடுத்த அந்த எக்ஸ்ரேயின் நினைவு அவளுக்குத்தான் வந்தது. ஆட்டோவில் வழி நெடுக அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஸ்கேன் சென்டர் பையன் எங்களைப் பார்த்ததும், "இன்னாக்கா, பேஷன்ட்டுக்கு இன்னும் சரியாவலியா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. இரண்டு அரணையையும் படம் எடுத்தான். ஜோசபின் பழைய படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பக்கத்தில் புதியவற்றை மாட்டினாள். அரணை வாலை உதிர்த்துவிட்டு வேறு வால் வளர்த்தால், புது வாலில் எலும்பு முளைக்காது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கலியமூர்த்தி கொண்டுவந்த அரணை அதற்கு முன்பே எப்போதோ வாலை இழந்திருக்கிறது. பழைய படத்தில் வால் எலும்பு பாதியில் நின்றது. புதிய படம் ஒன்றில் அதே இடத்தில், அதே கணக்கில் நின்றது. அந்த உடம்பின் கழுத்தில் நான் கட்டியிருந்தது ஆந்திரச் சீட்டு.

துறைத்தலைவர், "சீட்டு மாறிடுச்சின்னு வாயால சொன்னாப் போதும், எதுக்கு எழுதிக்கிட்டு" என்றார். ஜோசபின் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் ஒப்புக்கொள்ளவில்லை. பதிவேட்டில் நடந்ததை நடந்தபடி என் கையால் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். அது இன்னும் இருக்கிறது, போய்ப் படித்துக்கொள்ளலாம். இரண்டு அரணையும் தனித்தனி ஜாடிக்குப் போயின. சரியான அரணையிலிருந்து சதை எடுத்து மறுபடி அனுப்பினாள்.

பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த மாதத்தை நான் விவரிக்கப் போவதில்லை. அவள் சொன்னதுதான் சரி. நம் மண்ணில் குட்டிக் காலோடு ஓடும் அரணைக்குத்தான் அது தங்கை. வடக்கே இருப்பது தூரத்துச் சொந்தம். நம்முடையது இந்தச் செம்மண்ணிலேயே, தன் வழியில், தனியாகக் காலைத் தொலைத்திருக்கிறது. பதிவு ரத்தாவதற்கு நான்கு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்தாள். தம்பி அனுப்பிய டிக்கெட் வீணாய்ப் போனது.

பதில் வந்த அன்று அவள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கொஞ்சம் அழுதோம், கொஞ்சம் சிரித்தோம். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவள் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. இது ஒண்ணுதானா?"

"இது ஒண்ணுதான்" என்றேன்.

அது சத்தியமான உண்மை. அவளும் "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் நான் அறையைத் திறக்க வந்தபோது அது ஏற்கெனவே திறந்திருந்தது. ஜோசபின் முதல் அலமாரிக்குக் கீழே பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பதிவேடு. முதல் ஜாடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பிராணியாக வெளியே எடுத்து, காலில் நான் கட்டிய சீட்டைப் படித்து, பக்கத்தோடு ஒப்பிட்டு, பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே போய் உட்கார்ந்தேன், அடுத்த ஜாடியைத் திறந்து, உள்ளே இருந்த தவளையை எடுத்து அவளிடம் நீட்டினேன்.